மகன் கேள்வி கேக்கிறத நிப்பாட்டிட்டான், வீட்டில என்ன செய்யலாம்?

கல்லடித் தாய் | ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுமையா வாசிங்க.

எனக்கு ஒரே மகன், நாலாம் ஆண்டு படிக்கிறான். போன வருசம் வரைக்கும் அவன்ட வாய் மூடாது. மட்டக்களப்பில கல்லடிப் பாலத்தால போனா "அம்மா, பழைய பாலம் ஏன் இரும்பு, புதுசு ஏன் கொங்கிறீட்?" மாரியில வாவி வெள்ளம் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டப் போறாங்களாம் எண்டு அவன்ட அப்பா சொன்னா "ஆரு வெட்டுற? தானா உடையாதா? வெட்டாட்டி நம்மட வளவுக்குள்ள மீன் வருமா?" தலையிடிக்கும். "சும்மா இரு கிளி" எண்டு எத்தனை தரம் அடக்கியிருப்பன். இப்ப அத நினைச்சாத்தான் வயிறு எரியுது.

தை மாசத்திலயிருந்து அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனைக்கு எண்டு கிளாசுக்குப் போறான். கிழமையில நாலு நாள் பின்னேரம், சனி ஞாயிறு காலம்பற. வீட்டில மாதிரி வினாத்தாள் கட்டுக் கட்டாக் கிடக்கு. புள்ளிகள் நல்லாத்தான் வருது, குறை சொல்லேலா. ஆனா போன கிழமை ஒண்டு நடந்தது. பின்னேரம் வாவிக்கரையில நிண்டம். ஒரு நீர்க்காகம் தண்ணிக்குள்ள நட்ட கம்பில ரெண்டு செட்டையையும் விரிச்சுக்கொண்டு அசையாம இருந்தது. எப்பவும் அவன்தான் கேப்பான், அண்டைக்கு நான் கேட்டன். "ஏன் மகன் அது அப்பிடி இருக்கு?"

அவன் என்னைப் பாத்துக் கேக்கிறான், "இது பேப்பருக்கு வருமா அம்மா?"

வராது எண்டன். "அப்ப பறவாயில்ல" எண்டுட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போயிட்டான்.

அண்டு ராவு எனக்கு நித்திரை வரல்ல. கிளாச நிப்பாட்டுற எண்ணமில்ல, அப்பிடி நிப்பாட்டினா வீட்டில யுத்தம் நடக்கும். வீட்டுக்குள்ள நாம என்ன செய்யலாம் எண்டுதான் கேக்கிறன். அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்க.

---

சும்மா வாசகன் | ஞாயிறு இரவு 10.05

நீர்க்காகம் செட்டைய காய வைக்குது அக்கா. தாராவுக்கு மாதிரி இல்ல, அதுட இறகில தண்ணி ஊறும். ஊறினாத்தான் பாரமாகி ஆழத்துக்கு முக்குளிக்கலாம். மேல வந்தா வெயில்ல விரிச்சுக் காயணும்.

மத்ததுக்கு எனக்குப் பதில் தெரியா.

---

போடியார் பேரன் | திங்கள் காலை 6.50

அக்கா, கோவிக்காம கேளுங்க. நான் அக்கரைப்பற்றுப் பக்கம். எங்கட வட்டையில நெல் வெட்டுக் காலத்தில பள்ளிக்கூடத்துக்குப் போன பொடியன் நான் ஒருத்தன்தான். ஐயா போடியார், அதாவது வயல் முதலாளி, எண்டு பேருக்குத்தான், கடனுக்குள்ள கிடந்த மனிசன். புலமைப்பரிசில் பாஸ் பண்ணி நல்ல பள்ளிக்கூடத்துக்கு ஆறாம் ஆண்டுக்குப் போனதாலதான் இண்டைக்கு ஒரு பொறியியலாளரா இருக்கன். மாசா மாசம் வந்த அந்தக் கொஞ்சக் காசு எங்கட வீட்டில அரிசிக்குப் போனது.

அறிவுத் தாகம், ஆர்வம் எண்டு பேசுற ஆக்களுக்கு அடுப்பு எரியும். ஏழை வீட்டுப் புள்ளைக்கு 200 புள்ளிக்குள்ள எவ்வளவு எடுக்கிற எண்டதுதான் பாதை. மகன் "பேப்பருக்கு வருமா" எண்டு கேட்டா அவன் கெட்டிக்காரன் எண்டு அர்த்தம், எங்க நேரத்தச் செலவழிக்கிற எண்டு அவனுக்குத் தெரியுது. பாஸ் பண்ணட்டும், அதுக்குப் பிறகு நீர்க்காகத்தப் பாக்கலாம்.

---

டோஹா அப்பா | திங்கள் காலை 8.15

நான் கட்டாரில. பிள்ளைகள் ரெண்டு பேரும் ஏறாவூரில உம்மாவோட. நான் ஒரு வழி வச்சிரிக்கன், நல்லா வேலை செய்யிது. மூத்த மகள் ஒரு கதைப் புத்தகம் வாசிச்சு முடிச்சா 100 ரூபா. வீடியோ கோலில கதையச் செல்லணும், அப்பதான் காசு. மூணு மாசத்தில இருபத்தாறு புத்தகம்! ஊட்டு அலுமாரி காலி. ஆசைய காசால வாங்கேலா எண்டு செல்லுவாங்க, நான் வாங்கிட்டன் 😀

---

ஓய்வு ரீச்சர் | திங்கள் மாலை 4.30

வணக்கம். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். ஆரம்பப் பிரிவில் 31 வருசம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அதிலே பதினாலு வருசம் தரம் 5. ஆகவே புலமைப்பரிசில் பூதத்தை நானும் கொஞ்சம் தீனி போட்டு வளர்த்தவள்தான்.

முதலில் போடியார் பேரனுக்கு. தம்பி, நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. என் வகுப்பில் இருந்து அப்படிப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்றைக்கும் காணும் இடத்தில் காலில் விழுவார்கள். ஆனால் பாஸ் பண்ணிய பிள்ளைகளில் ஒன்பதாம் ஆண்டு, பத்தாம் ஆண்டில் படிப்பைக் கைகழுவிய பிள்ளைகளையும் நான் கண்டிருக்கிறேன். பத்து வயதில் ஓடி முடித்து விட்டார்கள். அதற்குப் பிறகு "பேப்பர்" வர ஆறு வருசம் கிடக்கிறது, ஓடுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டும் நடக்கிறது. நீங்கள் முதலாவதைச் சொன்னீர்கள், நான் இரண்டாவதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

டோஹாத் தம்பிக்கு ஒரு கதை. 1973ல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு பாலர் பள்ளியில் சோதித்துப் பார்த்தார்கள். கலர்ப் பேனையால் கீறுவதென்றால் உயிர் என்ற பிள்ளைகளாகத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு "கீறினால் சான்றிதழ் தருவோம்" என்று முதலே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, ஒரு பரிசும் இல்லாமல் பேனைகளை வகுப்பில் வைத்துவிட்டுத் தூர இருந்து கவனித்தார்கள். சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வாங்கின பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் கீறினார்கள். முன்னம் தாங்களாக ஆசைப்பட்டுச் செய்த வேலை இப்போது கூலி வேலை. கூலி இல்லாவிட்டால் ஆர் செய்வார்?

வாசிப்பே பிடிக்காத பிள்ளையைத் தொடக்கி விடுவதற்குச் சின்னப் பரிசு உதவலாம். உங்கள் மகளுக்கு முதலிலேயே வாசிப்புப் பிடிக்குமா, பிடிக்காதா? அதை எழுதுங்கள்.

கல்லடித் தாய்க்கு: மகள், பேப்பர் கட்டை எரிக்க வேண்டாம். அதையே திருப்பிப் போடுங்கள். ஒவ்வொரு நாளும் அவன் உங்களுக்கு ஒரு கேள்வி போட வேண்டும். புத்தகத்தில் இருந்து எடுக்கக்கூடாது. நீங்கள் பதில் சொன்னால் உங்களுக்கு ஒரு புள்ளி, "தெரியாது" என்றால் அவனுக்கு ஒரு புள்ளி. தாய்க்குத் தெரியாததைத் தேடி அந்தப் பிள்ளை வீட்டையே கிண்டுவான். ஒரு நிபந்தனை: தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும், சமாளிக்கக்கூடாது. நாங்கள் வகுப்பில் சமாளித்து சமாளித்துத்தான் பிள்ளைகளுக்கும் அதைப் பழக்கினோம்.

---

டோஹா அப்பா | திங்கள் இரவு 11.50

ரீச்சர், உங்கட பதிவ வாசிச்சிட்டு ஊட்டுக்கு எடுத்தன். எனக்கு வெக்கமா இரிக்கி, இருந்தும் எழுதுறன்.

மகளுக்கு முந்தியே வாசிப்புப் பிடிக்கும். நான் காசு குடுக்கத் தொடங்க முதல் கட்டிலுக்குக் கீழ டோர்ச் அடிச்சு வாசிக்கிற புள்ள. உம்மா இப்ப செல்றா, புள்ள மொத்தப் புத்தகம் ஒண்டும் தொடுறதில்லயாம். பதினாறு பக்கம், இருவது பக்கம் உள்ள சின்னப் புள்ளைகள்ற புத்தகமாப் பொறுக்கி எடுக்கிறாவாம். 100 ரூபா 100 ரூபாதானே! தம்பிக்காரன்ட பாலர் புத்தகத்தையும் கணக்குல சேத்திரிக்கா. இருபத்தாறுல எட்டுப் புத்தகம் அது.

யாவாரம் படிச்சிட்டா. வாசிப்பு?

---

போடியார் பேரன் | செவ்வாய் காலை 6.30

😀 டோஹா நானா, அது கெட்டித்தனம்தான். எனக்கு உங்கட மகள வேலைக்கு எடுக்கலாம்.

---

மருதமுனைத் தறி | செவ்வாய் காலை 10.20

அஸ்ஸலாமு அலைக்கும், மத்த எல்லாருக்கும் வணக்கம். நம்மட ஊடு தறிக்காரக் குடும்பம். மூத்தாப்பா, வாப்பா, இப்ப நான். மகள் அஞ்சாம் வகுப்பு.

எனக்குப் பெரிய படிப்பு இல்ல, அதால எனக்குத் தெரிஞ்ச ஒண்ட மட்டும் செல்றன். கணக்குல அவவுக்கு விகிதம், மடங்கு வந்தாக் கண்ணீர். பேப்பர்ல "8 நீல மணி, 4 வெள்ளை மணி எண்டு மாறி மாறிக் கோத்த மாலையில 600 மணி இருந்தா நீலம் எத்தின" எண்டு ஒரு கேள்வி. பிழையாச் செஞ்சிட்டு வந்து தறியடியில அழுதுகொண்டிருந்தா. நான் பாவு ஓட்டிக்கொண்டிருந்தன், கட்டம் போட்ட சாரத்துக்கு. நீலம் எட்டு இழை, வெள்ளை நாலு இழை. நான் கேட்டன், "மகள், எத்தின இழைக்கு ஒருக்கா இந்தக் கட்டம் திரும்பி வருது?" எண்ணிப் பாத்திட்டு "பன்னெண்டு" எண்டா. "600 இழைக்கு எத்தின தரம் திரும்பும்?" கொஞ்ச நேரம் ஒண்டும் செல்லல்ல. விரலால பாவைத் தொட்டுத் தொட்டுப் போனா. மறுகா "அம்பது தரம்... நீலம் நானூறு வாப்பா!" எண்டு கத்தின கத்தில நூல் அறுந்து பெய்த்து 😀

நான் அவக்குக் கணக்குப் படிப்பிக்கல்ல. எனக்கு நிசமாவே அந்தக் கணக்குத் தேவை, நீலம் எத்தின கட்டு வாங்கணும் எண்டு பாக்க. இப்ப சனிக்கிழமையில நூல்க் கணக்கு அவட பொறுப்பு. போன மாசம் ஒரு கட்டுக் கூட வாங்கிட்டம், அவ பிழையாப் போட்டதால. ஏசல்ல. ஏசினா அடுத்த மாசம் கணக்கு என்ட தலையில வரும்.

---

ஏழு மணி பஸ் | செவ்வாய் இரவு 9.55

வாசிக்க நல்லா இருக்கு எல்லாம். ஆனா எனக்குத் தறியும் இல்ல, வாவியும் இல்ல, நேரமும் இல்ல. நான் கார்மென்ட்ஸில தைக்கிறன். விடிய பஸ், இருட்டின பிறகு வீடு. அவருக்கும் கூலி வேலை. பிள்ளைகள் ரெண்டும் என்ட அம்மாவோட. அம்மா ரெண்டாம் வகுப்பு. இந்த மாதிரிப் பதிவுகள வாசிச்சா எனக்கு வாறது குற்ற உணர்ச்சிதான், வேற ஒண்டும் இல்ல.

---

ஓய்வு ரீச்சர் | புதன் காலை 7.10

மகள், ஒன்று கேட்கிறேன். இரண்டாம் வகுப்பு அம்மா பிள்ளைகளோடு என்ன கதைப்பா?

---

ஏழு மணி பஸ் | புதன் இரவு 10.10

அம்மா நொடி போடுவா ரீச்சர். ராவுக்குச் சாப்பாடு குடுக்கக்குள்ள. "ஒரு குடத்துக்குள்ள ரெண்டு தண்ணி, என்ன?" (முட்டை). "வீட்டில சிவப்பு, காட்டில பச்சை, கடையில கறுப்பு" (கரி) இப்பிடி. தெரியாட்டி சோறு இல்ல எண்டு பயமுறுத்துவா, மறுகா கூடத் தீத்தி விடுவா. வைகாசியில கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தா வழக்குரை படிக்கிறதக் கேக்க பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போவா. வாசிக்கத் தெரியாட்டியும் பாதிக்கு மேல பாடமாச் சொல்லுவா, கேட்டுக் கேட்டே வந்தது. கோவலன் வெட்டுப்படுற இடத்தில இவ அழ, ஏன் அழுறீங்க எண்டு பிள்ளைகள் கேக்க, கோயில்ல இருந்து வீடு வரைக்கும் ஒரே கதைதான்.

இன்னொண்டு. நான் வரக்குள்ள பஸ் ஸ்டாண்டில வடை வாங்குவன். உங்களுக்குத் தெரியும்தானே, அங்க வடை சுத்துறது ஆரோ ஒரு பிள்ளையின்ட பழைய பரீட்சைத் தாள்ல. என்ட சின்னவன் வடையத் தின்னுட்டு எண்ணெய்த் தாள விரிச்சு வச்சு வாசிப்பான். "அம்மம்மா, இந்தப் பிள்ளை ஏழாம் கேள்விக்கு சரியா எழுதியிருக்கு, ரீச்சர்தான் பிழை போட்டிருக்கு!" எண்டு சண்டை. சிவப்புப் பேனை எடுத்துப் புள்ளியக் கூட்டி விடுவான். முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு 54ஐ 56 ஆக்கி வச்சிருக்கிறான்.

இது எல்லாம் படிப்பு எண்டு நான் நினைச்சதே இல்ல.

---

ஓய்வு ரீச்சர் | புதன் இரவு 10.25

என் 31 வருசத்தில் எத்தனை தாள்கள் அப்படி வடை சுற்றப் போயிற்றோ. ஏழாம் கேள்விக்காரப் பிள்ளை என் வகுப்பாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன் 🙂

உங்கள் அம்மாவை வைத்து ஒரு பாடசாலையே நடத்தலாம். குற்ற உணர்ச்சியை விடுங்கள். நீங்கள் வந்த பிறகு பத்து நிமிசம் கிடைத்தால் அவன் திருத்திய தாளைப் பற்றி அவனிடம் கேளுங்கள். "ஏன் அது சரி என்று சொல்கிறாய்?" அந்த ஒரு கேள்வி போதும். தேங்காய் துருவிக்கொண்டே கேட்கலாம்.

---

காரைதீவான் | வியாழன் மதியம் 1.15

இவ்வளவு நேரமும் ஆரும் சுவாமி விபுலாநந்தர இழுக்கல்ல எண்டது அதிசயம். எங்கட ஊரில அவர்ட பேரச் சொல்லாம ஒரு கூட்டமும் தொடங்காது. 1892ல இஞ்ச பிறந்தார், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில தமிழ்ப் பேராசிரியர் எண்டு பாட்டி வடை சுட்ட கதை மாதிரி ஒப்புவிப்பம்.

நான் சொல்ல வந்தது வேற. அந்த மனிசன் விஞ்ஞானப் பட்டதாரி. லண்டன் பீ.எஸ்சி. படிப்பிச்சதும் விஞ்ஞானம். அதுக்குப் பிறகு ஆருக்கும் தேவைப்படாத ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கொண்டார்: பழைய பாட்டுகளில வாற யாழ் எப்பிடி இருந்திருக்கும், எந்த நரம்பில எந்தச் சுரம்? சிலப்பதிகாரத்தில ஒரு காதையை வச்சு, நரம்பு நீளம், சுர விகிதம் எண்டு கணக்குப் போட்டு, வருசக்கணக்கா அதிலயே கிடந்து, "யாழ் நூல்" வெளிவந்தது 1947ல. அதே வருசம் ஆடியில ஆள் போயிட்டார். அது எந்தப் பேப்பருக்கும் வராது.

நம்ம பிள்ளைகளுக்கு அவர் பிறந்த திகதியும் இறந்த திகதியும்தான் பாடம், ஏனெண்டா அது பேப்பருக்கு வரும்.

(யாழ் நூல் மாதிரிப் பழைய புத்தகங்கள், சிறுவர் புத்தகங்கள் நூலகம் இணையத்தளத்தில சும்மா கிடக்கு. 2005ல தொடங்கின திட்டம். போனில வாசிக்கலாம். புத்தகம் வாங்கக் காசில்லை எண்டு ஆரும் சொல்லாதீங்க.)

---

போடியார் பேரன் | வியாழன் மாலை 5.40

அவர் பண்டிதர் சோதனையும் எழுதி, பீ.எஸ்சியும் எழுதிப்போட்டுத்தான் யாழ் தேடப் போனவர். சோதனை எழுதாமப் போகல்ல. அதையும் சேத்துச் சொல்லுங்க.

---

காரைதீவான் | வியாழன் மாலை 6.02

சரி ஐயா, சேத்தாச்சு.

---

உப்புக்கரண்டி | வெள்ளி இரவு 8.30

நான் ஆரையம்பதி. விஞ்ஞானம் படிப்பிக்கிறன், அதால என்ட வீட்டில நிலைமை இன்னும் மோசம். மகள் ஏதும் கேட்டா நான் முப்பது நிமிசம் விளக்கம் குடுப்பன். அவ கேக்கிறதையே விட்டிட்டா. பதில் தெரிஞ்ச தகப்பன் ஒரு தொல்லை, இத ஆரும் சொல்றதில்ல.

மாத்தினது ஒரு முட்டை. மகள் அயல் வீட்டில ஆரோ சொன்னதா வந்து சொன்னா, "அப்பா, கடல் தண்ணியில முட்டை மிதக்குமாம்." நான் உடனே "ஓம், உப்புத் தண்ணி அடர்த்தி கூட" எண்டு தொடங்கினன். அவ போத்தல எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்து முட்டைய விட்டா. நேரா அடிக்குப் போய் "டொக்" எண்டு இருந்தது.

விஞ்ஞான ஆசிரியர்ட மூஞ்சியப் பாத்திருக்கணும்.

மறுகா ரெண்டு பேரும் குந்தினம். 200 மில்லிலீற்றர் கிளாசில குழாய்த் தண்ணி, தேக்கரண்டியால உப்பு. நல்லாக் கரைக்கணும், கலங்கல் தெளியணும், முட்டைய மெதுவா விடணும். முதல் கரண்டி, இல்ல. ரெண்டு, இல்ல. மூண்டாவதில முட்டை அடியில படுத்துக் கிடந்தது எழும்பி நுனியில நிண்டது. மகள் மூச்சு விடல்ல. நாலாவதில கொஞ்சம் தளும்பிச்சு. அஞ்சாவதில மேல வந்து தலையக் காட்டிச்சு, அஞ்சு ரூபாக் குத்தி அளவு வட்டம் ஒண்டு தண்ணிக்கு மேல.

அப்பதான் அவ கேட்டா, "அப்ப கடல்ல எத்தனை கரண்டி?" கடல் தண்ணி ஒரு லீற்றருக்கு 35 கிராம் அளவு உப்பு. எங்கட கிளாசுக்கு 7 கிராம். எங்கட கரண்டி தட்டையா வழிச்சா 6 கிராம் பிடிக்குது, தராசில வச்சம். ஒரு கரண்டிக்குக் கொஞ்சம் கூட. அஞ்சு கரண்டி கேக்கிற முட்டைக்குக் கடல் ஒரு கரண்டிதான் குடுக்குது, எப்பிடி மிதக்கும்? நான் படிச்சுப் படிப்பிச்ச பாடத்த ஒரு நாளும் அளந்து பாக்கல்ல.

அம்மா குசினிக்குள்ள இருந்து சொன்னா, "கூழ் முட்டை எண்டா பச்சைத் தண்ணியிலயே மிதக்கும், இது தெரியாமலா இவ்வளவு உப்பையும் கொட்டினீங்க." அதுக்கு ஏன் எண்டு அடுத்த நாள் ஒரு சோதனை. பழசாகப் பழசாக முட்டைக்குள்ள காத்து அறை பெருக்கும், ஓட்டுக்குள்ளால ஈரம் போகும், பாரம் குறையும். இத நான் சொல்லல்ல. ரெண்டு கிழமையா ஒரு முட்டையச் சமையல் தராசில நிறுத்து அவவே எழுதினா.

கல்லடி அக்கா, உங்களுக்கு முட்டையும் தேவையில்ல. வாவிக்குள்ள ராவில பாடுமெண்டு சொல்ற பாடுமீன் உங்கட வாசல்ல இருக்கு. மகனிட்டக் கேளுங்க, உண்மையிலயே பாடுறது மீனா? நாம எல்லாரும் மட்டக்களப்பின்ட சின்னம் எண்டு சுவரில கீறி வச்சிருக்கம், எத்தனை பேர் காதால கேட்டிருக்கம்? 1840களில இலங்கையில பெரிய பதவியில இருந்த எமர்சன் டெனன்ட் எண்ட அயர்லாந்துக்காரர் தோணியில போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். ஈர விரலால கண்ணாடிக் கோப்பை விளிம்பத் தேய்ச்சா வாற மாதிரி, ஒரே சுரமா இல்லாம சின்னச் சின்னதாப் பல சத்தமாம். தோணிப் பலகையில காத வச்சா இன்னும் பெருசாக் கேட்டதாம். நம்மட மீன்காரர் அவருக்கு "மீன் இல்லை, ஊரி" (ஓட்டுக்குள்ள இருக்கிற சங்கு மாதிரி ஒண்டு) எண்டு சொல்லியிருக்கினம். மீனா, ஊரியா? இண்டு வரைக்கும் அடிச்சுச் சொல்ல ஆருமில்ல. பத்து வயசுப் பொடியனுக்கு இதவிட நல்ல கேள்வி கிடைக்குமா? விடைத்தாள் இல்லாத கேள்வி.

சித்திரையில இருந்து புரட்டாதி வரைக்கும், பௌர்ணமி ராவில, தண்ணி அசையாம இருக்கக்குள்ள போங்க. சவள் (துடுப்பு) ஒண்ட தண்ணிக்குள்ள விட்டு மத்தத் தலைப்ப காதில வைக்கணும், பழைய ஆக்கள் அப்பிடித்தான் கேட்டவங்க. பொசன் போயாவுக்கு, யூன் மாசப் பௌர்ணமிக்கு, இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு.

---

கல்லடித் தாய் | வெள்ளி இரவு 11.20

எல்லாருக்கும் நன்றி. அழுகையும் சிரிப்புமா வாசிச்சன். போயாவிலயும் கிளாஸ் இருக்கு, ஆனா அது காலம்பற. போறம்.

---

கல்லடித் தாய் | இரண்டு கிழமைக்குப் பிறகு, புதன் இரவு 9.15

வந்து சொல்லுறன் எண்டு இருந்தன். நேரம் கிடைக்கல்ல.

முதல்ல ரீச்சர்ட விளையாட்டு. முதல் நாலு நாள் தோல்வி. "கேள்வி ஒண்டும் இல்லை அம்மா" எண்டு முகத்தத் தூக்கினான். அஞ்சாம் நாள் கடுப்பில கேட்டான், "உங்களுக்கு ஏன் அப்பாவில கோவம் வந்தா சட்டி பெருசாச் சத்தம் போடுது?" பதில் தெரியும், சொல்லேலா. அவனுக்கு ஒரு புள்ளி. இப்ப 9க்கு 3, அவன்தான் முன்னுக்கு.

பொசனண்டு ராவு போனம். அயல் வீட்டு மாமாட தோணி. அவன்ட அப்பாவும் நானும் மகனும் மாமாவும். பழைய பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டி மாமா சவளத் தண்ணிக்குள்ள விட்டார். பாலத்தில சனம், ஐஸ்கிறீம் வான் பாட்டு, வெசாக் கூட்டுக்கு மிஞ்சின லைட் எல்லாம். அவன்ட அப்பா முதல்ல காத வச்சார். கண்ண மூடிக்கொண்டு "கேக்குது கேக்குது" எண்டார். நான் வச்சன். ஏதோ கேட்ட மாதிரி, தூரத்தில ஆரோ பானை விளிம்பச் சுரண்டுற மாதிரி. என்ட காதுக்குள்ள இரத்தம் ஓடுற சத்தமோ தெரியா. மகன் வச்சான். வச்சபடி கன நேரம் இருந்தான். ஒண்டும் சொல்லல்ல.

வீட்ட வந்து கொப்பியில எழுதியிருக்கிறான். அப்பிடியே போடுறன்:

"8.40 மணி. எனக்கு ஒண்டும் கேக்கல்ல. அப்பாவுக்குக் கேட்டதாம், நம்பேலா. அம்மாவுக்குக் கொஞ்சம். மாமா சின்ன வயசில கேட்டவராம். ஐஸ்கிறீம் வான் இல்லாத நேரம் போகணும்."

படுக்கக்குள்ள கேட்டான், சவளில காத வச்சாக் கேக்கிற சத்தம் ஏன் வெறுங் காத்தில கேக்காது எண்டு. எனக்குத் தெரியா எண்டன். புள்ளி வாங்கினதில சந்தோசம் அவனுக்கு, நித்திரையாப் போயிட்டான்.

மத்தப் பக்கத்தையும் சொல்லணும். அந்தக் கிழமை கிளாஸ் பேப்பரில 11 புள்ளி குறைவு. வீட்டில சத்தம். "மீன் பாட்டுக் கேக்கப் போனதால" எண்டு அவர் சொன்னார், அவருக்குத்தான் கேட்டதாம், அதையும் மறந்திட்டார். எனக்கும் பயம் வராம இல்ல. போடியார் பேரன் தம்பி, நீங்க சொன்னது ராவில அடிக்கடி ஞாபகம் வருது.

---

உப்புக்கரண்டி | புதன் இரவு 9.50

தண்ணிக்குள்ள இருக்கிற சத்தம் மேல காத்துக்கு வரப் பாத்தா தண்ணி மட்டத்திலயே அடிபட்டுப் பெரும்பாலும் திரும்பிப் போயிடும். மரம் அத நேரா காதுக்குக் கொண்டு வரும். ஆனா இத அவனிட்டச் சொல்லாதீங்க. வாளித் தண்ணிக்குள்ள ரெண்டு கல்லத் தட்டச் சொல்லி, அகப்பைக் காம்பக் காதில வச்சுப் பாக்கச் சொல்லுங்க.

---

போடியார் பேரன் | வியாழன் காலை 6.40

11 புள்ளி ஒரு கிழமையில ஏறும் அக்கா, பயப்படாதீங்க. கணக்குத் தாள்கள அனுப்புங்க, எங்க விட்டான் எண்டு பாத்துச் சொல்றன். காசு வேணாம்.

நானும் அக்கரைப்பற்றில பிறந்து 34 வருசம். ஒரு நாளும் கேட்டதில்ல அந்த மீன. எசல போயாவுக்குத் தோணியில இடம் இருக்கா?

---

டோஹா அப்பா | வியாழன் காலை 8.00

மகளையும் உம்மாவோட அனுப்பட்டா? காசு குடுக்க மாட்டன், சத்தியமா.

---

ஓய்வு ரீச்சர் | வியாழன் மாலை 4.15

எனக்கும் ஒரு இடம் வையுங்கள். எழுபது வயதில் சேலை கட்டிக்கொண்டு தோணியில் ஏறலாமா, அதை மட்டும் சொல்லுங்கள்.

---

கல்லடித் தாய் | வியாழன் இரவு 9.05

மகன் சொல்லுறான்: ஏறலாமாம் ரீச்சர். தோணிக்குள்ள ஒரு விரல்கடை தண்ணி நிக்குமாம், செருப்பக் கழட்டிட்டு வரட்டாம். ஆனா எத்தனை பேர் ஏறினா தோணி தாழும் எண்டு அவனுக்கு முதல்ல பாக்கணுமாம், எல்லாரும் உங்கட பாரத்தை எழுதி அனுப்புங்க.